கொக்கு ஏன் இப்படிச் செய்கிறது? குமரி மாவட்டக் குளக்கரைக் கேள்விகளும் பதில்களும்

தேரூர், சுசீந்திரம், வேம்பனூர்க் குளக்கரைகளிலும் மணக்குடிக் காயல், புத்தளம் உப்பளப் பக்கமும் கொக்கு, நாரை, உள்ளான்களைப் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலான கேள்விகள் "இது நோயா?" என்றுதான் தொடங்கும். பத்தில் எட்டு தடவை இல்லை. மீதி இரண்டை எப்படிப் பிரித்தறிவது என்பதும் கீழே இருக்கிறது.

எதை வழக்கத்துக்கு மாறான நடத்தை என்று எடுத்துக்கொள்வது?

வழக்கம் தெரிந்தால்தான் மாற்றம் தெரியும். ஒரே இனத்தை ஒரே கரையில் குறைந்தது நான்கைந்து நாள் பார்த்திருக்க வேண்டும். எத்தனை நேரம் அசையாமல் நிற்கிறது, எந்த ஆழத்தில் இறங்குகிறது, பக்கத்துப் பறவை எவ்வளவு நெருங்கினால் விரட்டுகிறது என்பதெல்லாம் மனதில் பதிந்திருக்க வேண்டும். அதன் பிறகு புதிதாக ஒன்று கண்ணில் பட்டால், பறவையைவிட முதலில் குளத்தைப் பாருங்கள். மடை திறந்திருக்கிறதா? தண்ணீர் நேற்றைவிட எத்தனை விரல் இறங்கியிருக்கிறது? பக்கத்து ஏலாவில் (வயல்வெளியில்) உழவு நடக்கிறதா? தாமரை பறிக்க ஆள் இறங்கியிருக்கிறார்களா? மீன் குத்தகைக்காரர் வெடி போட்டாரா? பறவையின் நடத்தை மாறிவிட்டது என்று நாம் நினைப்பதில் பாதி, தண்ணீர் மாறியதன் விளைவு. உடல்நலம் பற்றிய கேள்வி இவற்றுக்கெல்லாம் பிறகு வருவது.

எங்கே, எந்த மாதத்தில் பார்ப்பது நல்லது?

வலசை வரும் உள்ளான்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் அக்டோபர் முதல் மார்ச் வரை. உள்ளூர்க் கொக்குகளின் இரை தேடும் முறைகளை மட்டும் பார்ப்பதற்கு எந்த மாதமும் சரிதான்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் போகமும் உண்டு. ஆகவே ஈரநிலம் என்பது குளம் மட்டுமல்ல. தொழி அடிக்கும், அதாவது நடவுக்கு வயலைச் சேறாக்கும் நாட்களில் குளம் காலியாகத் தெரியும். பறவைகள் எல்லாம் வயலில் நிற்கும். "குளத்துப் பறவைகள் குறைந்துவிட்டன" என்று எழுதுமுன் பக்கத்து ஏலாவை ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

சுசீந்திரம்-தேரூர் தொகுதியும் வேம்பனூர்த் தொகுதியும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. சுசீந்திரம் குளம் நாகர்கோவில்-கன்னியாகுமரி சாலையை ஒட்டியே கிடப்பதால் நெருக்கமாகப் பார்க்க வசதி. மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தில் பொழிமுகம் (முகத்துவாரம்) மண்மூடிக் கிடக்கும் நாட்களில் நீர்மட்டம் ஏறிச் சேறு முழுக மறைந்துவிடும். சிறு உள்ளான்களுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. பொழி திறந்ததும் சேறு வெளிப்படும், கூட்டம் வந்து இறங்கும். அங்கே போகுமுன் பொழியின் நிலையைக் கேட்டுக்கொண்டு போவது பயணச் செலவை மிச்சப்படுத்தும்.

எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

காலை 6 முதல் 8.30 வரை, மாலை 4.30 முதல் இருட்டும் வரை. காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. அப்போதுதான் வெயில் நம் முதுகில் விழும். எதிர்வெயிலில் பார்த்தால் அலகின் நிறமும் கண்ணின் நிறமும் தெரியாது, எல்லாக் கொக்கும் கறுப்பாகவே இருக்கும்.

உப்பளத்தில் 9.30க்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். டெலஸ்கோப்பில் பார்க்கும்போது கால் வளைந்ததுபோலவும் உடல் நடுங்குவதுபோலவும் தோன்றும். 'நடுங்கும் உள்ளான்' என்று வரும் செய்திகளில் பலவற்றுக்கு இந்தக் கானல்தான் காரணம்.

தூரத்துக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் அளவு கிடையாது. தொடக்கத்துக்கு 60 முதல் 80 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பறவையே சொல்லும். இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நேராக நிமிர்த்தினால் நீங்கள் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். உடலை முன்னால் சாய்த்தால் அடுத்த நொடி பறக்கப் போகிறது. முதல் அறிகுறியிலேயே பத்தடி பின்வாங்குங்கள். நேராக நடந்து போகாமல், பறவையைத் தாண்டி வேறெங்கோ போவதுபோலச் சாய்வாக நடந்தால் அது குறைவாகவே மிரளும். சாலையோரப் பறவைகளுக்கு ஓடுகிற வண்டி பழகியிருக்கும். நிற்கிற வண்டிதான் அதற்குச் சந்தேகம். வண்டியை நிறுத்தினால் கதவைத் திறக்காமல் ஐந்து நிமிடம் உள்ளேயே இருங்கள்.

8×42 பைனாகுலர் போதும். 10×42 நன்றாகக் காட்டும், ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துக் காட்டும். மணக்குடி, புத்தளம் போன்ற திறந்த வெளிக்கு மட்டும் 20-60 டெலஸ்கோப்பும் முக்காலியும் வேண்டும்.

சின்னக் கொக்கு ஒரு காலை மட்டும் நடுக்கிக்கொண்டே இருக்கிறது. வலிப்பா?

இல்லை, அது மீன் பிடிக்கும் உத்தி. சின்னக் கொக்குக்குக் கறுத்த கால், மஞ்சள் பாதம். ஒரு பாதத்தை முன்னால் நீட்டிச் சேற்றின்மேல் வேகமாக அதிர வைக்கும். ஒளிந்திருக்கும் இறாலும் சிறுமீனும் வெருண்டு வெளியே பாயும்போது கொத்திவிடும். தண்ணீர் கணுக்கால் ஆழமாக இருக்கும்போது அதிகம் செய்யும். தெளிந்த நீரில் மீன் கண்ணுக்கே தெரிந்தால் இந்த வேலைக்கே போகாது, துரத்தி ஓடும், இடையிடையே இறக்கையைப் படக்கென்று விரித்து மடக்கும்.

நோயால் வரும் நடுக்கத்தை இதிலிருந்து பிரிப்பது எளிது. இரை தேடும் கொக்கின் தலை அசையாது. பார்வை முழுக்கப் பாதத்தின் முன்னால் இருக்கும், நடுக்கம் ஒரு காலில் மட்டும் இருக்கும், சில நொடியில் நின்று அடுத்த அடி வைத்தபின் மறுபடி தொடங்கும். நோயுற்ற பறவைக்குத் தலையும் இறக்கையும் சேர்ந்து நடுங்கும், முன்னால் நாம் நடந்தாலும் நடுக்கம் நிற்காது.

எண்ணிப் பார்த்தால் சுவாரசியம் கூடும். ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை கால் நடுக்கியது, எத்தனை முறை கொத்தியது, எத்தனை முறை விழுங்கியது என்று மூன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கலங்கல் நீரில் ஒரு வரிசை, தெளிந்த நீரில் ஒரு வரிசை எடுத்தால் வித்தியாசம் தாளிலேயே தெரியும்.

பெரிய கொக்கு கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்தபடியே நிற்கிறது. கழுத்து ஒடிந்ததா?

ஒடியவில்லை. நீர்ப்பரப்பின் பளபளப்பைத் தவிர்க்கவும், நீருக்குள் மீன் இருக்கும் உண்மையான இடத்தைக் கணிக்கவும் கோணத்தை மாற்றிப் பார்க்கிறது. கழுத்தின் நடுவே தெரியும் அந்தக் கூர்மையான மடிப்பும் பிறவியிலேயே உள்ளது. ஆறாவது கழுத்தெலும்பை ஒட்டி அமைந்த அந்த வளைவுதான் அலகை ஈட்டிபோலப் பாய்ச்சுகிறது.

இறக்கையைக் குடைபோல வட்டமாக விரித்து, தலையை உள்ளே நுழைத்து மீன் பிடிக்கும் கறுப்புக் கொக்கு வீடியோ ஒன்று வந்தது. மணக்குடியில் எடுத்தது என்கிறார்கள்.

முழுக் குடை விரிப்பது ஆப்பிரிக்காவில் வாழும் கருங்கொக்கு. அது இங்கே இல்லை. மணக்குடிப் பக்கம் கறுப்பாக ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் கடற்கரைக் கொக்கின் கரிய வடிவமாக இருக்கும். தொண்டையில் வெள்ளைத் திட்டு இருக்கும். அதுவும் ஓடி ஓடி இறக்கையைப் பாதி விரிக்கும், ஆனால் குடையாக மூடிக்கொண்டு நிற்காது. அனுப்பியவரிடம் தேதியும் இடமும் உள்ள மூலக் கோப்பைக் கேளுங்கள்.

கொக்கு ஒரு பூச்சியை எடுத்து நீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தது. தூண்டில் போடுகிறதா?

நடக்கக்கூடியதுதான். தோசிக் கொக்கும் வக்காவும் இப்படி இரை வைத்து மீனை வரவழைப்பது உலகின் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. பூச்சி, சிறகு, ரொட்டித்துண்டு என எதையும் போடும். இங்கே பார்த்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒருமுறை கீழே விழுந்த பூச்சியை வைத்துத் தூண்டில் என்று எழுதிவிட முடியாது. பொருளை எடுத்து நீரில் வைத்ததா, அது மிதந்து விலகியபோது திரும்ப எடுத்து முன்பிருந்த இடத்திலேயே போட்டதா, அருகில் வந்த மீனைத்தான் கொத்தியதா என்று மூன்றும் தெரிய வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். கைதவறி விழுந்திருந்தால் அப்படித் திரும்ப வைக்காது.

மஞ்சள் மூக்கு நாரை அலகைத் திறந்தபடியே நீரில் வைத்து அசைக்கிறதே, மூட முடியவில்லையா?

சங்குவளை நாரை என்றும் இதைச் சொல்வார்கள். இது கண்ணை நம்பி மீன் பிடிப்பதில்லை. பாதி திறந்த அலகை நீரில் வைத்து இடவலமாக வீசிக்கொண்டே நடக்கும், காலால் சேற்றைக் கிளறும், சிலநேரம் ஒரு பக்க இறக்கையை மட்டும் படீரென்று திறக்கும். மீன் அலகில் பட்டதும் அனிச்சையாக மூடிக்கொள்ளும். இதன் உறவான அமெரிக்க மர நாரைக்கு அந்த மூடல் சுமார் 25 மில்லி நொடியில் நடந்துவிடும் என்று அளந்திருக்கிறார்கள். நாம் கண் சிமிட்டும் நேரத்தைவிட அது பல மடங்கு வேகம்.

தொட்டுப் பிடிப்பதால் கலங்கல் நீரும் இருட்டும் இதற்குத் தடையே இல்லை. நீர் ஆழமானால்தான் சிக்கல். மடையை அடைத்துத் தண்ணீர் ஏறியதும் முதலில் குளத்தை விட்டுப் போவதும் இதுதான். கரண்டிவாயனும் இதே பாணிதான், ஆனால் வீச்சு இன்னும் அகலம், பல பறவைகள் வரிசை கட்டி ஒரே திசையில் நடக்கும்.

நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளியோடு இருக்கிறது. அடிபட்டதா?

வளர்ந்த பறவைக்கு எல்லாம் அப்படித்தான். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, அதனால் இளம்பறவையை வேறு இனம் என்று குழம்புகிறவர்களும் உண்டு. நத்தை ஓட்டை இது உடைப்பதில்லை. நீருக்கடியில் ஓட்டை அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் நுனியை மூடிக்கு உள்ளே செலுத்தித் தசையை அறுத்து உடலை உருவி எடுக்கும். வரப்போரம் உடையாத காலி நத்தை ஓடுகள் குவிந்து, பக்கத்தில் வட்ட மூடிகள் தனியாகக் கிடந்தால் இது வந்து போயிருக்கிறது. ஓடு நொறுங்கிக் கிடந்தால் வேறு ஆள்.

நாரை தன் காலிலேயே எச்சமிடுகிறது. கால் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறது.

வெயிலுக்கு அது செய்யும் ஏற்பாடு. நீர்த்த எச்சம் காலில் வழிந்து ஆவியாகும்போது காலில் ஓடும் இரத்தம் குளிரும். நாரைக் குடும்பத்தின் வழக்கம் இது, கொக்குகள் செய்வதில்லை. ஏப்ரல், மே உச்சிவெயிலில் சாதாரணமாகப் பார்க்கலாம். குளிர்ந்த காலை நேரத்தில், வால் பக்கச் சிறகெல்லாம் பச்சையாக அப்பிக்கொண்டு இருந்தால் அது வயிற்றுப்போக்கு, வேறு விஷயம்.

இறக்கையைத் தாழ்த்தி உள்ளங்கையை ஏந்துவதுபோல் விரித்துக்கொண்டு சாம்பல் நாரை நிற்கிறது. தொண்டையும் துடிக்கிறது.

இறக்கையைத் தாழ்த்தி விரிப்பது வெயில் காய்வது. சிறகின் பேன், உண்ணிகளைக் கட்டுப்படுத்த உதவும் என்று கருதப்படுகிறது. வாயைச் சற்றுத் திறந்து தொண்டைத் தோலைப் படபடவென்று அதிர வைப்பது சூட்டை வெளியேற்ற. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுபோலத்தான். நிழலுக்குப் போனபின்னும் இந்தத் துடிப்பு நிற்காவிட்டால் மட்டும் கவலைப்படலாம்.

ஒற்றைக் காலில் நிற்பது?

சூட்டை மிச்சப்படுத்த. மற்றக் கால் சிறகுக்குள் இருக்கும். நொண்டி என்று எழுதுமுன் அது நடக்கும்வரை காத்திருங்கள்.

நாணலுக்குள் ஒரு பறவை அலகை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு ஆடுகிறது.

குருகு. மஞ்சள் குருகோ செங்குருகோ ஆக இருக்கும். ஆபத்தை உணர்ந்ததும் இப்படி விறைத்து நின்று, காற்றில் ஆடும் நாணலோடு தானும் ஆடும். நீங்கள்தான் அந்த ஆபத்து. விலகி வாருங்கள்.

நேற்று மண் நிறத்தில் இருந்த மடையான் இன்று கருஞ்சிவப்பாக இருக்கிறது. புது இனமா?

இனப்பெருக்கக் கோலம். மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பாகி, தலையில் வெள்ளைத் தூவிகள் நீளும், காலும் சிவப்பேறலாம். உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். பெரிய கொக்குக்கு மஞ்சள் அலகு கறுத்து, கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட தோல் நீலப்பச்சையாகும். அந்தத் தோலின் நிறம் சில நாளில் மாறிவிடக்கூடியது. ஆகவே தேதி போட்டுப் படம் எடுங்கள். இந்த நாட்களில் கொக்குகள் சண்டை போடுவதும், குச்சி தூக்கித் திரிவதும், கழுத்தை நீட்டிக் குனிந்து நிமிர்வதும் அதன் தொடர்ச்சிதான்.

உப்பளத்தில் பவளக்கால் உள்ளான் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி ஓடிப் போகிறது. ஆள்காட்டி இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு நடக்கிறது.

இரண்டுக்கும் ஒரே பதில்: பக்கத்தில் முட்டை இருக்கிறது, நீங்கள் போகக்கூடாத இடத்தில் நிற்கிறீர்கள்.

உள்ளானும் ஆள்காட்டியும் வெறும் தரையில் முட்டையிடும். கோடை வெயிலில் பாத்தி வரப்பு கொதிக்கும். வயிற்றுச் சிறகை நனைத்து வந்து முட்டைமேல் உட்கார்ந்தால் முட்டை குளிரும். அடைகாப்பதே அங்கே சூடேற்றுவதற்காக அல்ல, சூட்டிலிருந்து காப்பதற்காக. நீங்கள் நின்று வீடியோ எடுக்கும் பத்து நிமிடமும் தாய் திரும்ப முடியாமல் நின்றால் முட்டை வெந்துவிடும். அதனால் இந்த நடத்தையைப் பார்க்க நேர்ந்தால் வந்த வழியிலேயே, காலடியைப் பார்த்துக்கொண்டு, உடனே பின்வாங்குங்கள். முட்டை கூழாங்கல் நிறம், மிதித்தபின்தான் தெரியும். அறுபது எழுபது மீட்டர் விலகியதும் பறவை அமைதியாகத் திரும்பிப் போய் உட்கார்ந்தால், ஒடிந்த இறக்கை நடிப்பு என்பது உறுதி.

உண்மையிலேயே இறக்கை ஒடிந்த பறவை உங்களை நோக்கி வராது, உங்கள் கண்முன் ஓடவும் ஓடாது. மறைவைத் தேடிப் போகும். நடிக்கிற பறவை உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, நீங்கள் பின்தொடர்கிறீர்களா என்று கவனிக்கும். நின்றுவிட்டால் அதுவும் நிற்கும்.

தாமரை இலைமேல் நடக்கும் பறவைக்கு எட்டுப் பத்துக் கால்கள் தொங்குகின்றன!

தாமரைக்கோழி ஆண். இறக்கைக்கு அடியில் குஞ்சுகளை இடுக்கிக்கொண்டு நடக்கிறது, தொங்குவது குஞ்சுகளின் கால்கள். இந்தக் குடும்பத்தில் அடைகாப்பதும் வளர்ப்பதும் ஆணின் வேலை. நீண்டவால் இலைக்கோழியிலும் அப்படித்தான், பெண் அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். தோவாளைச் சந்தைக்குத் தாமரை பறிக்கிறவர்கள் குளத்தில் இறங்கும் நேரத்தில் இந்தக் காட்சிக்கு வாய்ப்பு அதிகம். குஞ்சுகளை அள்ளிக்கொண்டு ஓடுவது அப்போதுதான்.

விடியற்காலையில் திடீரென்று நூற்றுக்கணக்கான கொக்குகள் ஒரே மூலையில் கூடிவிட்டன. என்ன காரணம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பறவை நடத்தையை வைத்துக் குளத்தின் நலத்தைப் படிக்கும் இடம் இதுதான்.

மூன்று காரணங்கள் வழக்கமானவை. நீர் வற்றி மீன் கடைசிக் குட்டையில் ஒதுங்கியிருக்கலாம். மடைவாயில் நீர் பாய்வதால் மீன் ஏறி வந்திருக்கலாம். மூன்றாவது, நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்கலாம். பாசியும் ஆகாயத்தாமரையும் அடைந்த குளத்தில் இரவெல்லாம் செடிகள் சுவாசித்து உயிர்வளியைத் தீர்த்துவிடும். அதனால் விடியுமுன்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும். கொக்குகளுக்கு அது விருந்து. ஓடாமல், காலை நடுக்காமல், நின்ற இடத்திலேயே கொத்தித் தின்னும். நீர்க்காகமும் கூழைக்கடாவும் சேர்ந்துகொள்ளும்.

எப்படி உறுதிசெய்வது? அதே இடத்தை 6 மணிக்கும் 10 மணிக்கும் பாருங்கள். வெயில் ஏறி ஒளிச்சேர்க்கை தொடங்கியதும் மீன்கள் கீழே போய், கூட்டமும் கலைந்தால் உயிர்வளிக் குறைவுதான். பத்து மணிக்கும் மீன் மேலேயே நின்றாலோ, செத்து மிதந்தாலோ கழிவு அல்லது நஞ்சு கலந்திருக்க வாய்ப்புண்டு. நீரின் நிறம், வாசனை, எந்த மடைப்பக்கம் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு நீர்வளத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் அன்றே தெரிவியுங்கள். செத்த மீன் அழுகிக் கிடப்பதுதான் அடுத்த ஆபத்துக்கு விதை, அது அடுத்த கேள்வியில்.

அப்படியானால் எதுதான் நோய்? எப்படித் தெரிந்துகொள்வது?

நெருங்கினாலும் பறக்காமல் இருப்பதுதான் முதல் மணி. அதற்கடுத்து உடலைப் பாருங்கள்.

கால் துவண்டு, இறக்கையைத் துடுப்புபோல் போட்டு நகர்ந்து, கழுத்தைத் தூக்க முடியாமல் நீரில் தலை விழுந்தால் பொட்டுலிசம் என்ற நச்சுநோயாக இருக்கலாம். வெயில்காலத்தில், உயிர்வளியற்ற சேற்றில் அழுகும் உடல்களில் இந்த நஞ்சு உருவாகும். செத்த பறவையில் நெளியும் புழுக்களில் அது சேரும், அந்தப் புழுவைத் தின்ற பறவையும் விழும். ஒன்று பத்தாகப் பெருகுவது இப்படித்தான். கண்ணின் மூன்றாம் இமை பாதி மூடியபடி நிற்பதும் இதன் அடையாளம்.

கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது, வட்டமடித்துச் சுற்றுவது, உடல் முழுக்க நடுக்கம் ஆகியவை பறவைக் காய்ச்சல் போன்ற நரம்பைத் தாக்கும் நோய்களின் அறிகுறிகள். பக்கத்து வயலில் வாத்து மேய்ச்சல் நடந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எச்சில் வழிந்து, உடல் வெட்டி வெட்டி இழுத்து, விரல்கள் இறுக மடங்கியிருந்தால் பூச்சிமருந்து நஞ்சை நினைக்க வேண்டும். மருந்தடித்த வயலில் பல பறவைகள் சிறிது நேரத்துக்குள் அடுத்தடுத்து விழுவது அதன் பாணி.

கரையிலிருந்து பார்த்து நோயை உறுதிசெய்ய யாராலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். நம் வேலை, எத்தனை பறவை, எந்த இனம், எந்த அறிகுறி, எந்த நேரம் என்று சரியாகச் சொல்வது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கும் தகவல் கொடுங்கள். செத்த பறவையைத் தொடாதீர்கள், நீங்களாகப் புதைக்கவும் வேண்டாம், மாதிரி எடுக்க அது தேவைப்படும். செருப்பைச் சோப்புநீரில் கழுவிவிட்டுத்தான் அடுத்த குளத்துக்கோ வீட்டுக் கோழிக்கூட்டுப் பக்கமோ போக வேண்டும்.

ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டே இருக்கிறது, பறக்கவில்லை.

காலில் என்ன சுற்றியிருக்கிறது என்று பைனாகுலரில் பாருங்கள். தூண்டில் போடுகிறவர்கள் அறுத்துவிட்டுப் போகும் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) சிக்கியிருப்பது சாதாரணம். இன்னொன்றும் உண்டு: வேட்டைக்காரர்கள் ஒரு கொக்கைக் கட்டி வைத்து, அதை நம்பி இறங்கும் மற்றவற்றைச் சுற்றிலும் வைத்த கண்ணியில் பிடிப்பார்கள். சில இடங்களில் அந்தக் கொக்கின் கண்ணையே தைத்துவிடுவார்கள். கட்டிய கொக்கு அடிக்கடி எம்பி, ஒரே தூரத்தில் கயிறு இழுத்து விழும். அதைப் பார்த்தால் நீங்களே போய் அவிழ்க்க முயலாமல், தூரத்திலிருந்து படமும் இடக்குறியும் எடுத்து வனத்துறையை அழையுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

அடிபட்ட கொக்கைப் பிடித்துத் தூக்கலாமா?

கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கும் கதைபோல அல்ல இது. விழுந்து கிடக்கும் கொக்கும் கண்ணைக் குறிவைத்துக் கொத்தும். மேலே சொன்ன நோய் அறிகுறி ஏதாவது இருந்தால் தொடவே கூடாது. தங்கூசி சிக்கல் மாதிரி வெளிக்காயம்தான் என்று தெரிந்து, ஆள் வரத் தாமதமாகும் என்றால் மட்டும்: கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, துவாலையைப் பறவையின் மேல் போட்டு, முதலில் தலைக்குப் பின்னால் கழுத்தைப் பிடித்து, பிறகு இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். நெஞ்சை இறுக்கக் கூடாது, பறவை மூச்சுவிட நெஞ்சு அசைந்தாக வேண்டும். அலகைக் கட்டாதீர்கள், வாந்தி எடுத்தால் அடைத்துவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துக் கொடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். தங்கூசி சதைக்குள் இறங்கியிருந்தால் இழுக்காமல் இரு பக்கமும் வெட்டிவிட்டு மருத்துவரிடம் விடுங்கள்.

குறிப்பு எப்படி எழுத வேண்டும்?

பார்த்தது ஒரு வரி, நினைத்தது வேறு வரி. இரண்டையும் கலக்காதீர்கள். "கொக்கு கோபமாக விரட்டியது" என்று எழுதினால் பின்னால் எதற்கும் உதவாது. "சின்னக் கொக்கு, கழுத்துத் தூவி சிலிர்த்து, 3 மீட்டர் ஓடி, மடையானைப் பறக்கவிட்டது" என்றால் உதவும்.

ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் விடாமல் பார்ப்பது ஒரு முறை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் முழுவதையும் இடமிருந்து வலமாக ஓட்டிப் பார்த்து, எத்தனை இரை தேடுகின்றன, எத்தனை ஓய்வெடுக்கின்றன என்று எண்ணுவது இன்னொன்று. விசித்திரமான செயலை முதல் முறையால்தான் பிடிக்க முடியும், அது எவ்வளவு அரிது என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

நீரின் ஆழத்தைக் கோல் போட்டு அளக்க வேண்டாம். பறவையின் காலே அளவுகோல். சின்னக் கொக்கின் கணுக்கால் மூட்டுவரை நீர் இருந்தால் ஏறக்குறைய 10 செ.மீ. பின்பக்கம் மடங்கும் அந்த மூட்டை முழங்கால் என்று பலர் நினைப்பார்கள், அது கணுக்கால்தான். உண்மையான முழங்கால் சிறகுக்குள் மறைந்திருக்கும்.

காலில் வளையம் அல்லது வண்ணக் கொடி இருந்தால்?

வளையம் எந்தக் காலில் என்பதைப் பறவையின் இடம், வலப்படி எழுதுங்கள், உங்கள் இடம், வலப்படி அல்ல. மூட்டுக்கு மேலா கீழா, நிறங்கள் மேலிருந்து கீழ் என்ன வரிசை, எழுத்து ஏதும் தெரிகிறதா என்பதும் வேண்டும். மங்கலான படமும் பயன்படும், அழிக்காதீர்கள். கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம். மற்றப் பதிவுகளை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போடுங்கள். சனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு புதியவர்களுக்குத் தொடங்க வசதியான நேரம். நடத்தைக் குறிப்பை எண்ணிக்கைக்குக் கீழே உள்ள குறிப்புப் பெட்டியில் எழுத மறக்காதீர்கள், பெரும்பாலோர் அதைக் காலியாகவே விடுகிறார்கள். கூடு, முட்டை இருக்கும் சரியான இடத்தை மட்டும் பொதுவில் போட வேண்டாம்.

நாரை பெரிய சிலேபி மீனைப் பிடித்துவிட்டு விழுங்க முடியாமல் அரைமணி நேரமாகத் திணறுகிறது. விரட்டினால் துப்பிவிடுமா?

விரட்டாதீர்கள். முள் தன் தொண்டையில் குத்தாதபடி தலைப்பக்கம் முதலில் போகுமாறு மீனைத் திருப்பித் திருப்பிப் போடுகிறது. கரையில் கொண்டுபோய்ப் போட்டுக் குத்துவதும், நீரில் முக்கி எடுப்பதும் அதில் சேர்ந்தவை. கெளுத்தி என்றால் பக்கமுள் விறைத்து நிற்பதால் இன்னும் நேரமாகும். முடியாதென்றால் அதுவே போட்டுவிட்டுப் போய்விடும், கீழே விழுந்ததைப் பருந்தோ பக்கத்துக் கொக்கோ எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஓடிப்போய் மிரட்டினால், பாதி விழுங்கிய மீனோடு பறக்க முயலும்போதுதான் முள் சிக்கும்.